மழைக்கு முன் கண்மாய்க் கரை: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாசன சங்கத்திலோ ஊராட்சி வார்டிலோ புதிதாகப் பொறுப்புக்கு வந்திருக்கிறீர்கள். ஊர்க் கண்மாய்க் கரை பலவீனமாக இருக்கிறது. யாரைப் பார்ப்பது, எதைக் கேட்பது என்று தெரியவில்லை. அப்படியானால் இது உங்களுக்கு. எங்கள் கரையைச் சரிசெய்ய நாங்கள் அலைந்த அலைச்சலில் பாதி கரையைப் பற்றியதே அல்ல. எந்த அலுவலகத்தில், எந்த மாதம், எந்தத் தாளோடு போய் நிற்க வேண்டும் என்பதைப் பற்றியது. ஓரிடத்தில் கேட்டால் இன்னோரிடம் என்பார்கள், அங்கே போனால் திரும்ப முதல் இடத்தையே கைகாட்டுவார்கள். அதற்குள் ஐப்பசி வந்துவிடும்.

ஏரி, குளம், தாங்கல் என்று உங்கள் ஊரில் எப்படிச் சொன்னாலும், கரை மண்ணாக இருந்தால் இதில் உள்ளது பொருந்தும்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கானது. 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவை, கரை நீளம், கொள்ளளவு போன்ற நிபந்தனைகளில் ஒன்றையாவது நிறைவு செய்தால் அதற்குள் வரும். நாலைந்து மீட்டர் உயரக் கரையுள்ள ஊர்க் கண்மாய் வராது. பெரிய அணைகளுக்கு மழைக்கு முன்பும் பின்பும் ஆய்வு கட்டாயம். உங்கள் கரைக்கு அந்தச் சட்டத்தின் கட்டாயம் எதுவும் இல்லை. கேட்டால்தான் வந்து பார்ப்பார்கள், கேட்க வேண்டியது நீங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியபோது தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பல குளங்கள் உடைந்தன. அவ்வளவு மழைக்கு எந்த ஊர்க் கரையும் கணக்குப் போட்டுக் கட்டப்பட்டதில்லை. ஆனால் 10, 15 செ.மீ. மழைக்கே உடைகிற கரைகளும் இருக்கின்றன. நம்மால் தடுக்கக்கூடியது இரண்டாவது வகையைத்தான்.

1. கண்மாய் யாருடையது என்பதைத் தாளில் உறுதி செய்யுங்கள்

பொது விதி இது: ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு (40 ஹெக்டேர்) மேல் இருந்தால் நீர்வளத்துறை, அதற்குக் குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். நீர்வளத்துறை 2021 வரை பொதுப்பணித்துறைக்குள் இருந்தது. அதனால் பழைய தாள்களிலும் பெரியவர்கள் பேச்சிலும் பி.டபிள்யூ.டி. கண்மாய் என்றே இருக்கும். குழம்ப வேண்டாம்.

வாய்ச்சொல்லை நம்பி மனு எழுதாதீர்கள். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் கண்மாயின் சர்வே எண்ணைப் போட்டால் ‘அ’ பதிவேடு (நிலம் யார் பெயரில், என்ன வகை என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவேடு) விவரத்தை இலவசமாகப் பார்க்கலாம். அதை அச்செடுங்கள். கண்மாய் பல சர்வே எண்களில் பரவியிருக்கலாம், பக்கத்துக் கிராமத்திலும் கொஞ்சம் கிடக்கலாம். எல்லா எண்களையும் விஏஓவிடம் சரிபாருங்கள். புல வரைபடமும் வேண்டும். ஆக்கிரமிப்புப் பேச்சு வந்தால் (வராமல் இருக்காது) அதுதான் உதவும்.

அடுத்து, கண்மாயின் மெமாயர், அதாவது அதன் அளவுகளை எல்லாம் எழுதி வைத்திருக்கும் துறை ஆவணம். நீர்வளத்துறைக் கண்மாய்களுக்குப் பெரும்பாலும் இது இருக்கும். முழு நீர்மட்டம், வெள்ள நீர்மட்டம், கரை மேல்மட்டம், கலுங்கு (நிறைந்த தண்ணீர் வழிந்து வெளியேறும் கட்டடம்) நீளம், மடைகளின் (பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வாய்கள்) எண்ணிக்கை, நீர்பிடிப்புப் பரப்பு எல்லாம் அதில் இருக்கும். உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தில் “ஏன் சரிசெய்யவில்லை” என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். “கண்மாயின் மெமாயர் நகல், கடைசியாக நடந்த கரைப் பணியின் மதிப்பீடு மற்றும் அளவுப் புத்தக நகல்” என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

2. மாதத்தைப் பிடியுங்கள்

கரை வேலைக்கு உகந்த காலம் பங்குனியிலிருந்து ஆடி வரை. அதற்குள் மண்வேலை முடிய வேண்டுமென்றால் தாள் வேலை தையிலேயே தொடங்க வேண்டும். மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி, டெண்டர் என்று ஒவ்வொன்றும் தனித்தனி மேசை.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்களுக்கு உதவுவது ஜனவரியும் மார்ச்சும்தான். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் கூட, அன்று நீர்நிலையைப் பற்றிப் பேசினால் யாரும் தட்ட முடியாது. ஆகஸ்ட் 15-இல் போட்ட தீர்மானம் பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்குத்தான்.

புரட்டாசி பாதிக்கு மேல் கரையில் புது மண் போட விடாதீர்கள். இறுகாத மண் முதல் மழையிலேயே கரைந்து கண்மாய்க்குள் போகும். அந்த நேரத்தில் நிதி வந்திருக்கிறது, செலவழித்தாக வேண்டும் என்று யாராவது நின்றால், அந்தப் பணத்தைக் கலுங்கு, மடை, போக்குக் கால்வாய்ப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள்.

3. தண்ணீர் இருக்கும்போதே கரையை நடந்து பாருங்கள்

காய்ந்த கரை எல்லாம் நல்ல கரையாகத்தான் தெரியும். தையில், கண்மாயில் பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கும்போது நடங்கள். மேலே நடந்தால் போதாது. வெளிப்பக்கம் இறங்கி, கரையின் அடியோடு ஒரு நடை, அப்புறம் மேல்வழியாக ஒரு நடை. ஊரில் நீர்பாய்ச்சி (மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுபவர்) இருந்தால் அவரை அழைத்துப் போங்கள். எந்த இடம் எந்த வருஷம் சொட்டியது என்பதை எந்த மெமாயரும் சொல்லாது, அவர் சொல்வார்.

பார்க்க வேண்டியவை:

வெளிச்சரிவில் ஈரம். சுற்றிலும் புல் காய்ந்திருக்க ஓரிடம் மட்டும் பச்சையாக இருந்தால் அங்கே கசிவு இருக்கிறது. காலால் அழுத்திப் பாருங்கள், சொதசொதவென்று இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

மடையின் இரண்டு பக்கம். மண்ணும் கட்டடமும் சேரும் இடம்தான் தண்ணீர் வழி தேடும் முதல் இடம். மடைக் குழாயை ஒட்டி வெளிப்பக்கம் தண்ணீர் வந்தால் அது சாதாரணக் கசிவு அல்ல. தனியாக, முதல் வரியில் எழுத வேண்டிய விஷயம்.

எலி, பெருச்சாளி, நண்டு வளைகள். கையளவு வளை உள்ளே எவ்வளவு தூரம் போகிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

மரங்கள். கரைமேல் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தால் கரையையே பார்க்க முடியாது, அதுவே முதல் ஆபத்து. பெரிய மரத்தின் வேர் செத்து மட்கினால் அந்த வழி குழாயாகிவிடும். ஆனால் மழைக்கு ஒரு மாதம் முன்பு ஜேசிபியை விட்டு வேரோடு பிடுங்குவது இன்னும் மோசம். பிடுங்கினால் பள்ளத்தை அடுக்கடுக்காக மண் போட்டு இறுக்க வேண்டும், அதற்கு நேரம் இருக்கும்போது மட்டும் கை வையுங்கள். அரசு இடத்து மரம் என்பதால் அனுமதி இல்லாமல் வெட்டவும் கூடாது.

கரையின் தாழ்ந்த இடங்கள். மாடு இறங்கும் தடம், டிராக்டர் ஏறும் வழி, கோயிலுக்குப் போகும் பாதை இவையெல்லாம் வருஷத்துக்கு ஒரு சாண் தேய்ந்துகொண்டே வரும். வெள்ளம் கரையைத் தாண்டுவதென்றால் மொத்த நீளத்திலும் தாண்டாது. அந்த ஓரிடத்தில் தாண்டும், அங்கேயே அறுக்கும்.

இதை அளக்க சர்வே கருவி தேவையில்லை. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) போதும். கலுங்கின் தலையிலிருந்து தொடங்கி, கரை நெடுக ஐம்பது அடிக்கு ஒரு முறை, கலுங்கைவிடக் கரை எவ்வளவு உயரம் என்று எழுதுங்கள். இன்னும் சுலபமான வழி, தேங்கிய தண்ணீரே மட்டம்தான். காற்று இல்லாத காலையில் தண்ணீர் விளிம்பிலிருந்து கரை உச்சி வரை உயரத்தை அளந்துகொண்டே போங்கள். எண்கள் எங்கே சட்டென்று குறைகின்றனவோ அதுதான் உங்கள் அபாய இடம். கலுங்கின் மேல் இரண்டடி தண்ணீர் ஓடும்போதும் கரை உச்சி அதற்கு மேல் மூன்றடியாவது இருக்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொள்ளும் கணக்கு. உங்கள் கண்மாய்க்குச் சரியான எண் மெமாயரில் இருக்கும்.

4. கரையை உயர்த்தும் முன் கலுங்கைப் பாருங்கள்

ஊர்க்கூட்டத்தில் எல்லாரும் கேட்பது “கரையை உயர்த்திக் கொடுங்கள்” என்பதைத்தான். பார்ப்பதற்கும் பெரிதாக இருக்கும், போட்டோவிலும் நன்றாக விழும். ஆனால் கலுங்கு அடைபட்டுக் கிடக்கும்போது கரையை உயர்த்தினால், உடையும்போது வெளியேறப் போகிற தண்ணீரைத்தான் கூட்டி வைக்கிறீர்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர கிலோமீட்டரில் 10 செ.மீ. மழை என்றால் 1 லட்சம் கன மீட்டர், அதாவது சுமார் 3.5 மில்லியன் கன அடி. நிலம் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தால் இதில் பெரும்பங்கு கண்மாய்க்குத்தான் வரும். 20 மீட்டர் நீளக் கலுங்கின் மேல் ஓரடி தண்ணீர் ஓடினால் நொடிக்கு ஏறக்குறைய 5.6 கன மீட்டர் வெளியேறும். அந்த 1 லட்சம் கன மீட்டரைக் கழிக்க ஐந்து மணி நேரம் ஆகும். நீர்பிடிப்பு 5 சதுர கிலோமீட்டர் என்றால் ஒரு நாளுக்கு மேல். அதுவும் கலுங்கு முழு நீளமும் திறந்திருந்தால்.

திறந்திருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று இருக்கும்.

கலுங்கின் மேல் மணல் மூட்டை அல்லது பலகை வைத்து மட்டத்தை உயர்த்தியிருப்பார்கள். கடைமடைக்காரர்களுக்கு இன்னொரு தண்ணீர் கிடைக்கும் என்ற நியாயமான ஆசைதான். ஆனால் ஓரடி மூட்டை வைத்தால் வெள்ளம் கரையில் ஓரடி மேலே நிற்கும். அவ்வளவுதான் விஷயம். மார்கழிக்குப் பிறகு, மழை முடியும் தறுவாயில், துறையின் ஒப்புதலோடு வைக்கட்டும். ஐப்பசியில் வைக்க விடாதீர்கள்.

மீன்பாசி குத்தகை எடுத்தவர் மீன் போய்விடாமல் கலுங்கில் வலை கட்டியிருப்பார். வெள்ளத்தில் ஆகாயத்தாமரையும் சருகும் வந்து வலையில் அப்பி, அது சுவராகிவிடும். குத்தகை ஏலம் விடும்போதே ‘கலுங்கில் வலை கட்டக்கூடாது’ என்று நிபந்தனை எழுதச் சொல்லுங்கள். பிறகு சண்டை போடுவதைவிட இது சுலபம்.

மூன்றாவது, கலுங்குக்குக் கீழே மறுகால் ஓடையே இல்லாமல் போயிருக்கும். யாரோ வரப்பு போட்டிருப்பார்கள், சிலசமயம் வீடே இருக்கும். இங்கே 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. அது பொதுப்பணித்துறை வசம் இருந்த ஏரிகளுக்கானது. வருவாய்த்துறை அளந்து எல்லை காட்ட வேண்டும், பிறகு நோட்டீஸ். இது ஒரு பருவத்தில் முடியாது. முதல் மனுவில் இதையும் சேர்த்துக் குழப்பாமல் தனி மனுவாகப் போடுங்கள்.

5. மனுவை இப்படி எழுதுங்கள்

“கண்மாய்க் கரை மிகவும் பலவீனமாக உள்ளது, ஆவன செய்யவும்” என்ற மனுவுக்கு “நிதி வந்ததும் பரிசீலிக்கப்படும்” என்ற பதில் தயாராகவே இருக்கும். “சர்வே எண் இன்னது, 2-ஆம் மடையிலிருந்து தெற்கே 60 மீட்டரில் வெளிச்சரிவின் அடியில் கசிவு, வடகோடியில் 15 மீட்டர் நீளத்துக்குக் கரை மற்ற இடத்தைவிட 70 செ.மீ. தாழ்வு, கீழே இத்தனை வீடுகள், ஒரு பள்ளிக்கூடம்” என்று எழுதினால் கையில் வாங்கியவருக்கே ஒரு பயம் வரும். அந்தத் தாள் கோப்பில் இருக்கிறதே.

இணைக்க வேண்டியவை: ‘அ’ பதிவேடு அச்சு, புல வரைபடம், இடமும் தேதியும் பதிவாகும் செயலியில் எடுத்த படங்கள், நீங்கள் அளந்த உயரப் பட்டியல், கிராம சபைத் தீர்மான நகல், ஆயக்கட்டுதாரர்கள் கையெழுத்து. ஊராட்சியில் தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் இருந்தால் தீர்மான நகலை அவரிடமே கேளுங்கள்.

நீர்வளத்துறைக் கண்மாய் என்றால் உதவிப் பொறியாளருக்கு மனு, உதவி செயற்பொறியாளருக்கும் செயற்பொறியாளருக்கும் நகல். ஒன்றியக் கண்மாய் என்றால் பிடிஓவுக்கும் (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஒன்றியப் பொறியாளருக்கும். இரண்டிலும் தாசில்தாருக்கு ஒரு நகல் போகட்டும். பேரிடர் என்று வந்தால் முதலில் ஓடி வர வேண்டியவர் அவர். அதன்பிறகு திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்து எண் வாங்குங்கள். மாதம் ஒருமுறை நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் இன்னும் நல்லது, பொறியாளர்களும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் பதியலாம். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எந்த மனுவையும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

6. பணம்

உங்கள் கையிலிருந்து போவது அதிகம் இல்லை. நகல், தபால், தகவல் உரிமைக் கட்டணம், டியூப், பஸ் காசு. பெரிய செலவு அரசுடையது. ஒன்றியக் கண்மாய்களில் ஊரக வேலைத் திட்டத்தில் புதர் வெட்டுவது, வரத்துக்கால் தூர்வாருவது போன்றவற்றைச் சேர்க்கலாம், அந்த ஆண்டு எந்தத் திட்டத்தில் எதற்கு அனுமதி என்பதைப் பிடிஓ அலுவலகத்தில் கேளுங்கள். நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் ஒரு பங்கை ஊர் கட்டினால் மீதி அரசு தரும்.

ஊரே பணம் போட்டு ஜேசிபி வைக்கலாம் என்று இளைஞர்கள் கிளம்புவார்கள். மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாடகை, ஒரு முழு நாளுக்குப் பத்தாயிரத்தை ஒட்டி வந்துவிடும். காசு ஒரு பக்கம் இருக்கட்டும். அனுமதிக் கடிதம் இல்லாமல் அரசுக் கரையில் வண்டியை ஏற்றினால் வழக்கு வரலாம். மண் திருட்டு என்று புகார் போக ஒரு ஆள் போதும்.

வண்டல் எடுப்பது தனி விஷயம். விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் இலவசமாக எடுக்க 2024 முதல் தாசில்தார் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் லாரிக்காரருக்குக் கரையோரம் வெட்டுவதுதான் வசதி. உள்பக்கம் கரையடியில் பள்ளம் விழுந்தால் கரை சரியும், கசிவும் கூடும். எவ்வளவு தள்ளி, எவ்வளவு ஆழம் என்று அனுமதியில் இருப்பதைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். கூடவே ஒரு ஆளும் நிற்கட்டும்.

7. வேலை நடக்கும்போது நின்று பாருங்கள்

மதிப்பீட்டின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு விஷயம் மட்டும் விடாதீர்கள்.

பழைய கரைமேல் புல்லோடு, வேரோடு புது மண்ணைக் கொட்டக்கூடாது. மேல்தோலைச் சுரண்டி, சரிவில் படிபடியாக வெட்டி, அதன்மேல்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் புது மண் தனியாக வழுக்கும்.

மண்ணை அரையடி, முக்காலடி அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் ரோலர் விட்டு இறுக்க வேண்டும். ஜேசிபி பக்கெட்டால் தட்டுவது இறுக்குவது ஆகாது. டிப்பர் ஏறி இறங்கினாலே போதும் என்பார்கள், போதாது.

ஈரம். ஒரு பிடி மண்ணை அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும். உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். கையில் ஒட்டினால் ஒருநாள் காய விடச் சொல்லுங்கள்.

மண்ணின் ரகம். வெறும் மணல் கசியும். வெறும் கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், அந்த வெடிப்பில் முதல் வெள்ளம் புகும். எங்கிருந்து மண் வருகிறது என்று பாருங்கள்.

சண்டை போடாமல் தேதியோடு படம் எடுங்கள். பில் போடும் நேரத்தில் அது பேசும்.

8. புரட்டாசிக்குள் கைவசம் இருக்க வேண்டியவை

காலி சிமென்ட் சாக்குகள், அவற்றை நிரப்ப ஒரு டிராக்டர் மணல், ஒரு யூனிட் ஜல்லி, தார்ப்பாய், சவுக்குக் கட்டை, கயிறு, மண்வெட்டி, கடப்பாரை, டார்ச். மழையில் கரைக்கு டிராக்டர் வராது என்பதால் மணலையும் ஜல்லியையும் அபாய இடத்துக்குப் பக்கத்திலேயே கொட்டி வையுங்கள். மடை ஷட்டரைக் கிரீஸ் போட்டு ஒருமுறை ஏற்றி இறக்குங்கள். சாவி யாரிடம் என்று நான்கு பேருக்காவது தெரிய வேண்டும்.

மேல் கண்மாய் ஊரில் இரண்டு பேர், கீழ் கண்மாய் ஊரில் இரண்டு பேர் எண்ணை வாங்கி வையுங்கள். கண்மாய்கள் வரிசையாக இருக்கும், மேலே உடைந்தால் அந்தத் தண்ணீர் மொத்தமும் உங்கள் கண்மாய்க்குத்தான். கரைக்குக் கீழே உள்ள வீடுகளின் பட்டியலில் முடியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டைத் தனியாகக் குறியுங்கள். மின்சாரம் இருக்காது, அதனால் பேட்டரி மைக். மாவட்டப் பேரிடர் எண் 1077, மாநில எண் 1070.

வானிலை மையத்தின் ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் 12 முதல் 20 செ.மீ. வரை, சிவப்பு என்றால் அதற்கும் மேல். ஆரஞ்சு வந்ததுமே கலுங்கில் இருக்கும் தடைகளை எடுத்துவிடுங்கள், இரவுக் காவலுக்கு ஆள் போடுங்கள். தனியாக யாரையும் அனுப்பாதீர்கள்.

9. கசிவோ வழிவோ கண்டால்

தெளிந்த தண்ணீர் மெல்லக் கசிந்தால் குச்சி நட்டுக் கவனியுங்கள். கலங்கலாக வந்தாலோ, அளவு கூடினாலோ உள்ளே மண் அரிபடுகிறது. உடனே பொறியாளருக்கும் 1077-க்கும் சொல்லுங்கள். கீழே உள்ள வீடுகளைக் காலி செய்வதும் அதே நேரத்தில் தொடங்கட்டும், ஆய்வுக்கு ஆள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எல்லாரும் செய்வது, வெளிப்பக்கம் வரும் தண்ணீரைக் களிமண் வைத்து அடைப்பது. செய்யாதீர்கள். ஓரிடத்தில் அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி இன்னோரிடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். தண்ணீர் வரட்டும், மண் வரக்கூடாது. கசியும் இடத்தில் முதலில் மணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் பெரிய கல் என்று பரப்புங்கள். தரையில் ஊற்றுப்போலக் கொப்பளித்தால் சுற்றிலும் மூட்டையால் வளையம் கட்டி, உள்ளே கொஞ்சம் தண்ணீர் தேங்க விடுங்கள். அடைப்பதென்றால் உள்பக்கம்தான். தண்ணீர் சுழி போடும் இடம் தெரிந்தால் அங்கே தார்ப்பாயும் களிமண் மூட்டையும் போடலாம். அதற்காக யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது, அந்தச் சுழி ஆளை இழுக்கும்.

தாழ்ந்த இடத்தில் வழியப் போகிறது என்றால் மூட்டைகளைச் செங்கல் அடுக்குவதுபோல மாற்றி மாற்றி அடுக்குங்கள். மடைகளைத் திறந்து விடலாம், ஆனால் கீழே ஓடையில் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு. தண்ணீர் சட்டென்று வடிந்தாலும் ஊறிப்போன உட்சரிவு சரியும், ஆகவே படிப்படியாகத் திறங்கள். கரையை வெட்டிவிடுவது பற்றி ஊரில் யாராவது பேசினால் அந்த முடிவு பொறியாளரும் வருவாய்த்துறையும் எடுப்பது. இரவில் நாமே வெட்டினால் வெட்டிய அகலத்தில் அது நிற்காது, கீழ் ஊரோடு வழக்கும் அடிதடியும் வேறு.

மண் அரித்துக்கொண்டு வழிய ஆரம்பித்துவிட்டால் கரையிலிருந்து எல்லாரையும் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் அங்கே செய்ய ஒன்றுமில்லை.

10. தண்ணீர் நின்ற அடையாளம் அழியும் முன்

மழை விட்டதும் எல்லாரும் நடவுக்குப் போய்விடுவார்கள். நீங்கள் மட்டும் ஒருமுறை கரைக்குப் போங்கள். தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பதற்குச் சருகும் குப்பையும் கோடாகக் கிடக்கும். மாடு மிதித்தால் அது போய்விடும். அந்தக் கோட்டில் ஆணியோ பெயின்ட்டோ வைத்து, கலுங்கிலிருந்து எவ்வளவு மேல் என்று டியூப்பால் அளந்து எழுதுங்கள். கசிந்த இடங்களுக்குக் கல் நடுங்கள். மூட்டை, மணல், ஆள் கூலி செலவு ரசீதுகளையும் சேர்த்து ஜனவரி 26 கிராம சபையில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிப்ரவரியில் உதவிப் பொறியாளர் மதிப்பீடு போட உட்காரும்போது உங்கள் தாள் அவர் மேசையில் இருக்க வேண்டும்.